தட்டு வைப்பவளுக்கு வாசல் இல்லை

"உன்னை வெச்சு ஒரு பேய் எழுதப்போறேன். கோவிச்சுக்க மாட்டியே?"

"பேய் அழகா இருக்குமாண்ணா?"

"அச்சு அசல் உன்னை மாதிரியே."

"அப்ப ஒருத்தனும் பயப்பட மாட்டான், போ!"

அன்று சிரித்தவள்தான் தங்கை. அம்மா இறந்த வருடம் அது. சாப்பாட்டு வேளை தவறாமல் அம்மாவுக்கும் ஒரு தட்டு வைத்து, "அம்மா வந்தாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெண், அப்போதுதான் கொஞ்சம் தேறியிருந்தாள்.

அண்ணன் சொன்னபடியே செய்தான். பகடை உருட்டி, ஆளுக்கொரு வேஷமாகப் பேசி ஆடும் அவனுடைய திகில் விளையாட்டில், படிகள் கூரையில் முட்டி நிற்கும் வீடு ஒன்று உண்டு. அதற்குள் 'தட்டு வைப்பவள்'. அவளுக்குச் சாவு கிடையாது. வீட்டை விட்டு வெளியேறவும் முடியாது. விளையாட்டு சக்கைப்போடு போட்டது. முன்பின் தெரியாதவர்கள் அவளை வெட்டினார்கள், எரித்தார்கள். அவள் மறுபடி தட்டை எடுத்தாள். விளையாட்டு புத்தகமாக அச்சாகி வந்த நாளிலிருந்து தங்கைக்கு அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டியிருந்தது. கேட்டால் அண்ணன் முகம் வாடிவிடுமே என்று விழுங்கிக்கொண்டே வந்தாள்.

இப்போது புதிய பதிப்பு. மேசை முழுக்கத் திருத்திய பக்கங்கள். ஆடிப் பார்க்க அண்ணனின் நண்பர்கள். தட்டு வைப்பவளுக்குக் குரல் கொடுப்பது வழக்கம்போலத் தங்கை.

"பழசுல இவ ரொம்பப் பாவமா இருந்தாடா," என்றான் அண்ணன். "இந்தத் தடவை பார்த்தாலே குமட்டணும். அம்மா சோத்தை இவளே அள்ளித் திங்கிறா. புது விதி, இவளை அழ வைக்கிறவனுக்கு ஒரு பகடை கூடுதல்."

"செம, தலைவரே!" குண்டு நண்பன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஏய், உங்கம்மா எலும்பாயிட்டாடி! யாருக்குத் தட்டு?"

"அம்மா வந்தாச்சா?" என்று படித்தாள் தங்கை.

"ம்ஹூம், பத்தல." அண்ணன் பென்சிலால் மேசையைத் தட்டினான். "அன்னிக்குக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிஜமாவே கேட்டியே, அப்படிக் கேளு."

குண்டன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நிஜமாவேவா?"

"இவதாண்டா அசல்!" அண்ணன் குரலில் பெருமை வழிந்தது.

யாரோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். தங்கையின் கையிலிருந்த பக்கத்தில் எழுத்துகள் மங்கின.

"கண்ணு கலங்கிடுச்சு!" குண்டன் கையை நீட்டினான். "பகடை எனக்குத்தானே?"

அண்ணன் எடுத்துக் கொடுத்தான்.

தங்கை பக்கத்தைக் கவிழ்த்து வைத்தாள். அவன் முகம் வாடுமா என்று இந்தத் தடவை பார்க்கவில்லை.

"அண்ணா, என்னை அந்த வீட்டை விட்டு வெளியே விடு."