ஜன்னல் நம்பர் நாலு: கடைசி எட்டு நிமிஷம்

அழகுபாண்டி அனுப்பியிருந்த வீடியோவை நல்லகாமன் மூன்றாவது தடவையாகப் பின்னால் தள்ளிப் பார்த்தார். ஏதோ ஒரு பழைய டிவி நாடகம். பஸ் நிலையத்து விசாரணை ஜன்னல். உள்ளே நீலச் சேலை கட்டிய ஒரு பெண். வெளியே ஒருவன் முழு மரக்கதவு ஒன்றை முதுகில் சுமந்தபடி நின்று, "மேலப்பொழுதூர் பஸ் எத்தனை மணிக்குங்க?" என்று கேட்கிறான். அவன் கதவைச் சுமந்தால் என்ன, கிணற்றைச் சுமந்தால் என்ன, நல்லகாமனின் கண் அங்கே இல்லை. படத்துக்கு அடியில் மஞ்சள் எழுத்தில் ஒரு வரி ஊர்ந்துகொண்டிருந்தது. 'நல்லகாமன் கேபிள் விஷன், சமயநல்லூர். தரமான ஒளிபரப்பு, தடையில்லாச் சேவை.'

"அண்ணே, நம்ம லைன்ல வந்தத யாரோ டேப் பண்ணிருக்காய்ங்க. இம்புட்டு வருசம் பத்திரமா வச்சிருந்து இப்ப யூடியூப்ல ஏத்திருக்காய்ங்க பாருங்க" என்று அழகுபாண்டி குரல் பதிவு அனுப்பியிருந்தான். அந்தக் காலத்தில் அவரிடம் லைன்மேனாக இருந்தவன், இப்போது மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் ஒரு லாட்ஜில் மேனேஜர். கம்பத்தில் ஏறத் தெரிந்தவனுக்கு எங்கே போனாலும் பிழைப்பு உண்டு. கீழே நின்று ஏறச் சொன்னவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

எண்ணூறு வீட்டுக்குக் கேபிள் கொடுத்த மனிதருக்கு இன்றைக்கு மிச்சம் இருப்பது நாற்பத்தாறு வீடு. அதிலும் பாதி வீட்டில் வயதானவர்கள், செல்போனில் படம் பார்க்கத் தெரியாத ஒரே காரணத்துக்காக அவரை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அவர் தெருவில் நடந்தால் பெண்கள் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்து, "அண்ணே, படம் ஆடுது!" என்பார்கள். இப்போது படம் ஆடினாலும் நின்றாலும் கேட்க நாதியில்லை. மாடியில் டிஷ் மட்டும் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்குகிறது, காக்காய் வந்து குளிக்கிறது.

மனைவி ஒச்சாயி, மகள் பாண்டிமீனாவின் பிரசவத்துக்கென்று திருப்பூர் போனவள். மூன்று மாதம் என்று போய் மூன்று வருஷம் ஆகிறது. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளையை யார் பார்ப்பது? நியாயம்தான். "நீங்களும் வந்துருங்க" என்று அவள் சொன்னாள். "நாப்பத்தாறு வீட்டுக்கு யார் பதில் சொல்றது?" என்று இவர் கேட்டார். அதோடு பேச்சு நின்றது. சண்டை ஏதும் இல்லை. சண்டை என்றால் சமாதானம் என்று ஒன்று பின்னாலேயே வரும். தினமும் சாயங்காலம் ஏழரைக்குப் போன் வரும். சாப்பிட்டீகளா, ஆச்சு, நீ, இனிமேத்தான், பாப்பா, விளையாடுறா, சரி வச்சிரவா. இரண்டு நிமிஷம்கூட ஆகாது. வைத்த பிறகு வீடு முன்னைவிடப் பெரிதாகிவிடும். தட்டை அலம்பும் சத்தம்கூடச் சுவரில் பட்டுத் திரும்பி வரும்.

அன்றைக்கு வேறு வேலை இல்லாததால் நாடகத்தைப் பெரிய டிவியில் போட்டு முதலிலிருந்து பார்க்க உட்கார்ந்தார். கேபிள்காரர் வீட்டில் யூடியூப் ஓடியது. ஊர் சிரிக்கும், ஆனால் ஊர் வந்து எட்டிப் பார்த்து வருஷக்கணக்காயிற்று.

'ஜன்னல் நம்பர் நாலு' என்பது நாடகத்தின் பெயர். பாக்கியம் என்று ஒருத்தி, பஸ் நிலையத்தில் விசாரணை ஜன்னலில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒரு ஆள் வந்து மேலப்பொழுதூர் பஸ் கேட்கிறார். அப்படி ஓர் ஊரே கிடையாது. "அப்படி ஒரு பஸ் இல்லைங்க" என்று அவள் சொல்கிறாள். வந்தவர் போகமாட்டார். ஏன் அந்த ஊருக்குப் போகவேண்டும் என்று கதை சொல்வார். கதவு சுமந்தவன், அங்கே ஒரு வீடு வாசலைத் திறந்துபோட்டபடி கிடக்கிறது, பாவம், மூடவேண்டும் என்றான். ஒரு கல்யாணப் பெண், மாலையும் கழுத்துமாக வந்து, இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்றாள். ஐந்தாம் வாரம் ஒரு ஆடு, தனியாக, வரிசையில் வந்து நின்றது. பாக்கியம் அதனிடமும் மரியாதையாக, "அப்படி ஒரு பஸ் இல்லைங்க" என்றாள். நல்லகாமன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த சத்தம் அந்த வீட்டுக்குப் புதிது, அவருக்கே திடுக்கென்றது.

இரண்டே நாளில் பதினைந்து பகுதியையும் பார்த்து முடித்தார். பாக்கியத்தை ஒருவரும், நீ எங்கேயாவது போகவேண்டுமா என்று கேட்கவே இல்லை என்பதை ஒன்பதாம் பகுதியில்தான் கவனித்தார். கவனித்த பிறகு அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கவே ஒரு மாதிரி இருந்தது. இத்தனை நல்ல நாடகம் தன் வயர் வழியாகத்தான் ஊருக்குள் போயிருக்கிறது, தனக்குத் தெரியவில்லையே என்று நினைத்துக்கொண்டார்.

பதினாறாம் பகுதியில் அந்த பஸ் வந்தேவிட்டது. நெற்றியில் 'மேலப்பொழுதூர்' என்று பலகை. இத்தனை வாரம் வந்த ஆட்கள் எல்லோரும் உள்ளே உட்கார்ந்திருக்கிறார்கள், கதவுக்காரன் கதவோடு, ஆடும் ஒரு ஜன்னலோரத்தில். பாக்கியம் விசாரணை ஜன்னலைச் சாத்துகிறாள். நடந்து போய்ப் படியில் காலை வைத்துக் கம்பியைப் பிடிக்கிறாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "நீங்க எங்கம்மா போகணும்?" என்று கேட்கிறார். அவள் வாயைத் திறக்கிறாள்.

படம் ஒரு தரம் சொடுக்கியது. நாகஸ்வரம் அலறியது. தாம்பாளம் தாம்பாளமாகச் சீர் வரிசை. நடுவில் ரோஜாமாலை போட்டுக்கொண்டு, மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய பிள்ளையை மடியில் வைத்தபடி, மீசையை முறுக்கிவிட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். நல்லகாமனேதான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய நல்லகாமன்.

தங்கச்சி தங்கப்பொண்ணு மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி. சீர் செய்தவனுக்கு அதை ஊர் பார்க்காமல் என்ன சீர்? வீடியோக்காரன் சி.டி. கொண்டுவந்து கொடுத்தது வியாழக்கிழமை இரவு எட்டு மணிக்கு எட்டு நிமிஷம் இருக்கும்போது. ஊர் மொத்தமும் டிவி முன்னால் இருக்கிற நேரம். ஓடுகிற சேனல்களில் கேட்பாரில்லாதது எதுவோ அதை வெட்டிவிட்டுத் தங்கள் விசேஷத்தைப் போடுவது கேபிள்காரர்கள் வழக்கம். பெரிய சேனலில் கைவைத்தால் ஊர் கூடி உதைக்கும். எதை வெட்டினோம் என்று அன்றைக்கு அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டு நிமிஷமும் பிள்ளை அழுதது, மீசை சிரித்தது, அதோடு யூடியூபில் ஏற்றியிருந்த டேப் முடிந்தது. காதுகுத்து அன்றைக்கு அதற்குப் பிறகும் ஓடியிருக்கும்.

வீடியோவுக்குக் கீழே பதினான்கு பேர் எழுதியிருந்தார்கள். 'பாக்கியம் என்னதான் சொன்னா, யாருக்காவது தெரியுமா?' என்று ஒருவர். 'தடையில்லாச் சேவையாம்! அந்த மீசைக்காரன் வெளங்குவானா?' என்று இன்னொருவர். மண்ணை வாரித் தூற்றாத குறை. வீடியோவை ஏற்றியவர் எல்லோருக்கும் பொறுமையாக ஒரே பதிலை எழுதியிருந்தார். ஐம்பத்திரண்டு வாரத்துக்கு எழுதிய கதை, பார்க்க ஆள் இல்லை என்று சேனல்காரர்கள் பதினாறோடு முடிக்கச் சொல்லிவிட்டார்கள், பிறகு சேனலையே மூடி டேப்புகளை அழித்துவிட்டார்கள், கடைசி எட்டு நிமிஷம் இப்போது யாரிடமும் இல்லை.

பார்க்க ஆள் இல்லையா? என்னைப் போல ஊருக்கு ஒருத்தன் வெட்டிக்கொண்டே இருந்தால் ஆள் எங்கிருந்து வரும் என்று நினைத்தார். மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று போனை எடுத்தார். பெயரைப் போட்டு எழுதத் தைரியம் வரவில்லை.

அப்போதுதான் ஒச்சாயி ஞாபகம் வந்தது. வியாழக்கிழமையானால் அவள் சீக்கிரமே உலை வைத்துவிடுவாள். "வியாழக்கெழம ஏழரைக்கு மட்டும் அந்தச் சேனல வெட்டாதீக" என்று ஒருநாள் கேட்டாள். சரி என்று சொன்னார், மறந்துபோனார். காதுகுத்து முடிந்த கையோடு அவள் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று டி.கல்லுப்பட்டி போயிருந்தாள். அங்கே வேறொருவருடைய கேபிள்.

ஏழரைக்குப் போன் வந்தது. சாப்பிட்டீகளா என்று அவள் கேட்பதற்கு முன்னால் இவர் முந்திக்கொண்டார்.

"ஒச்சாயி, ஜன்னல் நம்பர் நாலுன்னு ஒரு நாடகம் ஞாபகம் இருக்கா?"

அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் விட்டு அடங்கியது. "பாக்கியம்" என்றாள் அவள்.

"அவதான். கடைசி வாரம் நீ கல்லுப்பட்டியில இருந்த. பாத்தியா?"

"பாத்தேன்."

"கண்டக்டர் கேட்டதுக்கு அவ என்னா சொன்னா?"

குக்கரை அடுப்பிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டது. "இப்பக் கேக்குறீக. அன்னைக்கே சொல்ல வந்தேன். அதப் பாத்து முடிச்சதும் எனக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. யார்கிட்டயாச்சும் சொன்னாத்தான் ஆகும்போல இருந்துச்சு. பூத்துக்கு ஓடியாந்து போன் போட்டேன். 'காதுகுத்து ஓடுது, ஊரே பாக்குது, போன வை'ன்னீக."

அவருக்கு அது துளிகூட ஞாபகமில்லை. ஆனால் அது தன் வாயிலிருந்து வந்த பேச்சுதான் என்பதில் சந்தேகமும் இல்லை.

"சரி, இப்பச் சொல்லு."

"மறந்துபோச்சுங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் பரவாயில்லை. உப்பு தீர்ந்துபோச்சு என்பதுபோலச் சொன்னாள். அவள் சொல்ல ஓடிவந்த ஒன்றைத் தாமே வாங்கித் தூரப் போட்டுவிட்டு, இப்போது குப்பையில் தேடுகிறோம் என்று நல்லகாமனுக்குத் தோன்றியது. லிங்க் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

"அதெல்லாம் வேணாம். எனக்குத் தனியாப் பாத்துப் பாத்துச் சலிச்சுப்போச்சு" என்றாள். பிறகு, "நீங்க வீடியோ கால் போட்டு டிவிய காட்டுங்க. மொதல்லருந்து பாத்தா ஞாபகம் வருமோ என்னமோ" என்றாள்.

அப்படித்தான் அது ஆரம்பித்தது. நாளுக்கு ஒரு பகுதி. ஏழரைக்கு இவர் நாற்காலியை டிவிக்கு நேரே போட்டு, போனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொள்வார். அவள் போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்துவைத்துவிட்டு வேலை பார்த்துக்கொண்டே பார்ப்பாள். இவருக்குத் தெரிவது அவள் நெற்றியும் பின்னால் ஓர் அலமாரியும்தான். முதல் நாள் கை வலித்தது. மூன்றாம் நாள் ஸ்டூல் மேல் இரண்டு பழைய செட்டாப் பாக்ஸை அடுக்கி அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டார். ஆடு வந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். "பாப்பா, அம்மாச்சி எதுக்குச் சிரிக்கிறேன் பாரு" என்று அவள் பேத்தியைத் தூக்கிக் காட்டினாள்.

நாடகம் முடிந்தும் அவள் வைக்கவில்லை. ரசத்துக்கு என்ன போட்டீக என்றாள். ஒருநாள், கேட்காமலே, "அப்பல்லாம் நீங்க வீடு வர லேட்டாகும். புள்ளைய ஒறங்கப் போட்டா பேச்சுச் சத்தமே இருக்காது. இந்தப் பாக்கியம்தான் பேசிக்கிட்டு இருப்பா" என்றாள். அவர் போனைத் திருப்பித் தன் முகத்தைக் காட்ட நினைத்தார். காட்டி என்ன சொல்வது என்று தெரியாமல் டிவியையே காட்டிக்கொண்டிருந்தார். பதினோராம் நாள் பாப்பாவுக்குக் காய்ச்சல், போன் வரவில்லை. அன்றைக்கு அவர் டிவியைப் போடவே இல்லை. ஏழரையிலிருந்து எட்டு வரை அணைத்த டிவிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று அவருக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. அவள் அதை இருபது வருஷமாக அறிந்தவள்.

பதினாறாம் பகுதி போட்ட அன்று அவள் வேலையை எல்லாம் முன்னாலேயே முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவையாக முழு முகமும் தெரிந்தது. இளைத்திருந்தாள், கண்ணாடி புதிது. பஸ் வந்தது. பாக்கியம் ஜன்னலைச் சாத்தினாள். படியில் காலை வைத்தாள். "நீங்க எங்கம்மா போகணும்?" என்றார் கண்டக்டர்.

நல்லகாமன் டிவியைப் பார்க்கவில்லை. போனில் ஒச்சாயியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாகஸ்வரம் அலறியது, பிள்ளை வீறிட்டது. அவர் அவசரமாகத் தடவி ரிமோட்டை எடுத்து டிவியின் சத்தத்தை அடக்கினார். அவள் கண் எங்கேயோ நிலைத்தது. கையை மெதுவாகத் தூக்கிக் கம்பியைப் பிடிப்பதுபோல விரலை மடக்கினாள்.

"வந்துருச்சுங்க" என்றாள். "அவ என்னா சொன்னான்னா..."

படம் அப்படியே நின்றது. அவள் முகத்தின் நடுவில் ஒரு வெள்ளை வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

"ஒச்சாயி" என்றார். "ஏ ஒச்சாயி, கேக்குதா?"

டிவியில் மீசைக்காரன் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டு, ஒவ்வொரு தாம்பாளமாக ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். படத்தில் ஒரு புள்ளி இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. நல்லகாமன் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி வாசலுக்கு நடந்தார், வாசலிலிருந்து மாடிப்படி ஏறினார், டிஷ்ஷுக்குப் பக்கத்தில் போய் நின்றார். அங்கே ஒருவேளை சிக்னல் கிடைக்கலாம். நெடுஞ்சாலையில் ஆரப்பாளையத்திலிருந்து கிளம்பிய பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு மேற்கே, திருப்பூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவர் அண்ணாந்து பார்த்தார். தூக்கிய கையில் ஒச்சாயி விரலை மடக்கியபடி, பாதி திறந்த வாயோடு நின்றிருந்தாள். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.