தெரிவு இரண்டு

இத்தால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பெப்ரவரி பத்தாம் திகதி திங்கட்கிழமை காலை எட்டே கால் மணி முதல் எங்கள் பாடசாலை மாணவர் அனைவரும் சுயமாகச் சிந்திக்கத் தொடங்கினர். அதற்கு முதல் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை.

"இனிமேல் பாடமாக்கிற வேலை இல்லை, யோசிக்கிறதுதான் வேலை" என்று அதிபர் பொன்னம்பலம் மேடையில் முழங்கினார். தாளைப் பார்க்காமலே முழங்கினார். நாலு நாளாய்ப் பாடமாக்கியதாம். பிறகு ஆசிரியர்கள் எங்களிடம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சிந்தனைக் கொப்பி. கிழமைக்கு ஒரு பக்கம். பிரச்சினை, தெரிவு ஒன்று, தெரிவு இரண்டு. சரியான தெரிவுக்கு ஆசிரியர் சரி போட வேண்டும்.

பத்தாம் வகுப்புக்கு நான் பொறுப்பு. முதல் கிழமை பிள்ளைகள் முழித்தார்கள்.

"மாதிரி ஒண்டு எழுதிவிடுங்கோ சேர்."

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து ஆட்கள் பார்க்க வருவார்கள் என்ற பயத்தில் கரும்பலகையில் எழுதினேன். பிரச்சினை: நேரம் வீணாதல். தெரிவு ஒன்று: கைத்தொலைபேசி பார்த்தல். தெரிவு இரண்டு: படித்தல். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தனித்துவமாகச் சிந்தித்து, நான் விட்ட எழுத்துப்பிழையையும் சேர்த்து எழுதித் தந்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு கிழமையும் கரும்பலகைதான். சரியானதை எப்போதும் இரண்டாவதாகவே எழுதினேன். திருத்த லேசு. கொப்பியைத் திறந்து, இரண்டாவதுக்குச் சரி போட்டு, 'மிக நன்று' என்று எழுதி மூட எனக்கு எட்டு விநாடி போதும்.

ஒரு வெள்ளிக்கிழமை மணி அடித்த பிறகும் வசந்தினி போகாமல் நின்றாள். மயிலிட்டியிலிருந்து வருகிற பிள்ளை. தகப்பன் இல்லை. தாய் சிசிலியா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போக இருந்தாள். மூத்தவள் என்பதால் படிப்பை விட்டுவிட்டு இரண்டு தங்கச்சிமாரையும் வசந்தினிதான் பார்க்க வேண்டும் என்று வீட்டில் கதை. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"சேர், பலகையிலை இருக்கிறதை விட்டிட்டு எங்கடை சொந்தப் பிரச்சினையை எழுதலாமோ?"

"பின்னை? அதுக்குத்தானே பிள்ளை உந்தக் கொப்பி."

"வாசிப்பியளோ சேர்?"

"ஒவ்வொரு சொல்லா வாசிப்பன்."

பள்ளிக்கூடத்தில் நான் சொன்ன பொய்களில் அதுதான் மிகக் குறைந்த நேரத்தில் சொன்னது.

மூன்று கிழமை கழித்து வலயத்திலிருந்து இளையதம்பி என்ற அதிகாரி வந்தார். அடுக்கியிருந்த கொப்பிகளைப் புரட்டிக் கொட்டாவி விட்டவர், ஒன்றைத் திறந்ததும் நிமிர்ந்து இருந்தார். உரத்து வாசித்தார்.

"பிரச்சினை: அம்மா குவைத்துக்குப் போறா. தங்கச்சிமாரைப் பாக்க ஆள் இல்லை. தெரிவு ஒன்று: குருநகரில் சின்னம்மா வீட்டில் தங்கச்சிமாரை விட்டுவிட்டு நான் படித்தல். சின்னம்மாவுக்குச் சம்மதம். அம்மாவோடு சேர் கதைத்தால் அம்மா கேட்பா. தெரிவு இரண்டு: நான் படிப்பை விட்டுப் பள்ளிக்கூடத்தால் நிற்றல்."

இரண்டாவதுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய சரி. கீழே, 'மிக நன்று'.

"அருமை! தீர்மானம் எடுக்கிற திறன் வளர்ந்திருக்குப் பாருங்கோ" என்று தொலைபேசியில் படம் எடுத்தார். அதிபர் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

"வசந்தினி எங்கை?" என்று வகுப்பைக் கேட்டேன். காய்ச்சலாக்கும் என்று நினைத்து இரண்டு கிழமையாய் இடாப்பில் வரவில்லை என்று குறித்துக்கொண்டிருந்தவனும் நான்தான்.

"அவ நிண்டிட்டா சேர்" என்றாள் ஜெனிஸ். "கொப்பி பள்ளிக்கூடத்தின்ரை எண்டு என்னட்டைக் குடுத்துவிட்டவ."

பின்னேரமே மயிலிட்டிக்குப் போனேன். சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வசந்தினி கதவைத் திறந்தாள்.

"வாங்கோ சேர், இருங்கோ. தேத்தண்ணி போடுறன்."

"அம்மா எங்கை?"

"போயிட்டா. போன செவ்வாய்."

"ஏன் பிள்ளை என்னட்டை நேரை ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"எழுதினன் தானே சேர்." கோபமாகச் சொல்லவில்லை. "அம்மாவும் முதல் மனமில்லாமல்தான் இருந்தவ. பிள்ளையின்ரை படிப்பு கெட்டுப்போம் எண்டு அழுதவ. கொப்பியைக் காட்டினன். படிப்பிக்கிற ஆளே சரி போட்டிருக்கிறார் எண்டால் சரியாத்தான் இருக்கும் எண்டிட்டு ஓமெண்டவ."

"சின்னம்மாவோடை நான் இப்ப கதைக்கிறன். தங்கச்சிமாரை அங்கை விடலாம்."

"அவ பாத்து இருந்திட்டு வேலைக்குப் போகத் தொடங்கிட்டா சேர்."

சின்னவள் அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தாள். வசந்தினி அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"நான் அதை வாசிக்கேல்லை, வசந்தினி."

அவள் சின்னவளை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டிய வேலையும் தன்னுடையதுதான் என்பதுபோல, "உங்களுக்கும் முப்பத்தெட்டுக் கொப்பி எல்லோ சேர்" என்றாள்.

அந்தத் தவணை சிந்தனைத் திறன் விருத்தியில் எங்கள் பாடசாலை வலயத்தில் முதலாவதாக வந்தது. வசந்தினி திரும்பி வரவில்லை.