பெரியப்பாவின் கண்ணோரத்து எலும்பு

மனித குலம் இதுவரை ஒருமுறைகூட அழுததில்லை என்பது ஞானியின் கண்டுபிடிப்பு. வடிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"கண்ணீர் எந்நேரமும் சுரந்துக்கிட்டேதான் இருக்கு. மூக்கோரமா இமைக்கு ஒண்ணுன்னு பொட்டு ஓட்டை. அதுவழியா உள்ள போயி, பையில சேர்ந்து, எலும்புக்குள்ள குழாய்ல இறங்கி, மூக்குல வந்து விழுது. வரத்து அதிகமானா கன்னத்துல வழியும். இதுக்குப் போய் சோகம், பாசம்னு பேரு வெச்சு ஊரை ஏமாத்திட்டிருக்கீங்க."

சாப்பாட்டு மேசையில் அவன் இப்படி முழங்கியபோது எதிரே தங்கை மூக்கை உறிஞ்சினாள்.

"இதோ! இப்ப உறிஞ்சினியே, அது சளி இல்ல. உன் கண்ணீரேதான்."

"சோத்துல கை வெச்சுக்கிட்டுப் பேசற பேச்சாண்ணா இது?"

ஞானி என்பது மருத்துவக் கல்லூரியில் வைத்த பெயர். எல்லாம் தெரிந்தவன், உடற்கூறியலில் மட்டும் தேறாதவன். கூடப் படித்தவர்கள் மேல்வகுப்புக்குப் போய்விட்டார்கள். மறுதேர்விலும் கோட்டை விட்டால், இந்த வருடம் அதே கல்லூரியில் சேர்ந்த தங்கையோடு ஒரே வகுப்பில் உட்கார வேண்டியதுதான். "முன்வரிசையில எனக்குப் பக்கத்துலயே இடம் பிடிச்சு வைக்கிறேண்ணா, நோட்ஸ்கூட தரேன்" என்று அவள் பாசமாகத்தான் சொன்னாள். அந்தப் பாசத்துக்குப் பயந்துதான் அவன் புத்தகத்தையே திறந்தான்.

தங்கை சோப்பு விளம்பரத்துக்கே கண் கலங்குகிற ஜாதி. படிப்பதற்காக உடற்கூறியல் துறையிலிருந்து வாங்கி வந்த மண்டையோட்டுக்குப் 'பெரியப்பா' என்று பெயர் வைத்திருந்தாள். கைக்குழந்தையைப் போல இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தித்தான் தூக்குவாள். மேசையில் வைக்கும்போது 'டக்'கென்று சத்தம் வந்துவிட்டால், "வலிச்சுதா பெரியப்பா?" என்பாள். படுக்கப் போகுமுன் துண்டு போர்த்திவிடுவாள்.

"காய்ச்சல் இருக்கான்னு தொட்டுப் பாத்தியா?" என்பான் ஞானி. "சுண்ணாம்புக் கட்டியோட சொந்தம் கொண்டாடற ஒரே ஆளு நீதான்டி."

அவன் தூக்கும் விதமே வேறு. ஒரு கண்குழியில் கட்டைவிரல், இன்னொன்றில் நடுவிரல்.

"ஐயோ, கண்ணுக்குள்ள விரலை விடாதண்ணா! உள்பக்கச் சுவர் வெங்காயச் சருகு மாதிரி!"

"பிடிச்சுக்கறதுக்குத்தானே ரெண்டு ஓட்டை குடுத்திருக்கு?"

தேர்வுக்கு முந்தின நாள் பெரியப்பாவைத் துறையில் திருப்பி ஒப்படைத்துவிட்டு வந்து தங்கை தேம்பினாள். "வடியட்டும், வடியட்டும்" என்றான் ஞானி, தலைவாரிக்கொண்டே.

மறுநாள் வாய்மொழித் தேர்வு. மேசைக்கு அந்தப் பக்கம் தேர்வாளர் அம்மா, இந்தப் பக்கம் ஞானி. நடுவில், முன்பல் ஒன்று இல்லாத பழக்கமான சிரிப்பு. சாட்சாத் பெரியப்பாவேதான்.

"கண்ணீர்ப் பை உட்கார்ற பள்ளத்தைக் காட்டுங்க."

பால் குடிப்பது போலச் சுலபமான கேள்வி. ஞானி கட்டைவிரலையும் நடுவிரலையும் வழக்கமான இடத்தில் விட்டு, கம்பீரமாகத் தூக்கினான்.

மொறுக்.

முட்டை ஓடு நசுங்குகிற சத்தம்தான். ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

"என்ன உடைஞ்சுது?" என்றார் அம்மா, முகத்தில் ஒன்றும் காட்டாமல்.

"கண்ணோரத்து லாக்ரிமல் எலும்பு, மேடம். விரல் நகம் அளவு. முகத்துலயே மெல்லிசு..." அவன் கண்முன்னே முன்வரிசை பெஞ்சு விரிந்தது. தங்கை இடத்தைத் துடைத்துவிட்டு, "வாண்ணா" என்கிறாள். வரத்து அதிகமானது.

"பள்ளத்தோட முன்பாதிச் சுவர் எது?"

"மேல்தாடை எலும்பு, மேடம். பின்பாதிதான்... நான் உடைச்சது."

"குழாய் எங்க போய்த் திறக்குது?"

மூக்கு ஒழுகத் தொடங்கியிருந்தது. ஞானி அதையே சுட்டிக்காட்டினான். "இங்க, மேடம். கீழ்ச்சுருள் எலும்புக்கு அடியில. இப்ப... வந்துட்டிருக்கு."

"அப்புறம் கன்னத்துல எதுக்கு வழியுது?"

"குழாய்க்கு... தாங்கல, மேடம்."

தேர்வாளர் அம்மா தண்ணீர் குடிப்பது போல டம்ளரை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

"குழாய் அடைச்சா, சர்ஜன் இந்த எலும்பைத்தான் எடுத்து மூக்குக்குப் புது வழி போடுவார். அதுக்கு அவர் வருஷக்கணக்கா படிக்கணும். நீங்க கட்டைவிரல்லயே முடிச்சிட்டீங்க. பாஸ். தயவுசெஞ்சு இந்த மேசைப் பக்கம் திரும்ப வந்துடாதீங்க, எங்ககிட்ட இருக்கிற மண்டையோடே கொஞ்சம்."

'பாஸ்' என்று கேட்டதும் நிற்கவேண்டிய வரத்து, என்ன காரணத்தாலோ இரட்டிப்பானது. இதற்கு ஞானியின் பாடத்தில் விளக்கம் இல்லை.

அம்மா மதிப்பெண் எழுதக் குனியும்வரை காத்திருந்தான். பிறகு, இருந்த ஒரே கைக்குட்டையை நாலாக மடித்து மேசையில் விரித்தான். மூக்குக்குச் சட்டைக் கையே போதும். மண்டையோட்டை இரண்டு உள்ளங்கையாலும் ஏந்தி, சத்தமே வராமல் அதன்மேல் இறக்கினான். தலை கொஞ்சம் கோணலாக இருப்பது போலத் தோன்றியது, நேராக்கினான்.

வாசல்பக்கம் யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, காது இருக்கும் இடத்தருகே குனிந்தான்.

"ரொம்ப வலிச்சுதா, பெரியப்பா?"