இடது மூலையிலிருந்து நடுவுக்கு

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு புகார்க் கடிதம். என் கம்ப்யூட்டர் ஒருநாள் என்னைக் கேட்காமலே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. இருபது வருடமாகத் திரையின் இடது கீழ்மூலையில் குடியிருந்த ஸ்டார்ட் பொத்தான், நடுவில் போய் உட்கார்ந்துவிட்டது. அழுத்தினால் பழைய பட்டியலைக் காணோம். கட்டம் கட்டமாகப் படங்கள். கம்பெனிக்காரனை நாலு வார்த்தை கேட்கலாமென்று இணையத்துக்குப் போனால், எனக்கு முன்னால் உலகமே அங்கே வரிசையில் நின்றது. "அழகு" என்றார் ஒருவர். "அருவருப்பு" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் மனைவி விட்டுப்போன மாதிரி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். (அவர் கடிதம் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. என்னுடையதை நிறுத்தியதற்கு அதுதான் காரணம்.)

எதிர்வீட்டு நாச்சம்மாளிடம் புலம்பினேன். இரண்டு எருமை வைத்திருப்பவர்.

"உங்களுக்கு மட்டுமாங்க? எங்க பால் சொசைட்டில இதுக்குப் பொதுயோகமே கூட்டிப்போட்டாங்க" என்றார். பொதுக்கூட்டத்தைத்தான் அப்படிச் சொல்கிறார்.

மீதி அவர் சொன்னது. பொய்கள் மட்டும் என்னுடையவை.

2

முதல் தொடக்கம்: 'மேற்கு மலையின் தோளில் வெயில் மெல்ல இறங்கிய அந்தக் காலையில்—'

வேண்டாம். பால் ஊற்ற வருகிறவர் யாரும் மலையைப் பார்ப்பதில்லை. முன்னால் நிற்பவரின் கேனைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாவது தொடக்கம்: 'பூவாத்தாள் என்பவள் நவீன உலகமயமாக்கலின்—'

வேண்டவே வேண்டாம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மீனாட்சிபுரத்துப் பக்கம் ஒரு பால் சொசைட்டி. (பெயர் சொல்லமாட்டேன், நாச்சம்மாள் நாளைக்கும் அங்கே பால் ஊற்ற வேண்டும்.) பூவாத்தாள் பதிமூன்று வருடமாக அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறாள். பாலின் அளவையும் கொழுப்பையும் பதிந்து சீட்டு கிழித்துக் கொடுப்பது அவள் வேலை. கேனை வைத்த ஆள் ஒரு கொட்டாவி விட்டு முடிப்பதற்குள் சீட்டு கைக்கு வந்துவிடும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவள் கை வழக்கம்போல் இடது மூலைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை. நடுவில் இருந்ததை அழுத்தினாள். கட்டங்கள் விரிந்தன. பால் பதிகிற பச்சைப் படம் அதில் எங்கேயும் இல்லை. மூடினாள், திறந்தாள். வெளியே நாற்பத்துமூன்று பேர்.

சங்கத்துத் தலைவர் காளிச்சாமி எட்டிப் பார்த்தார். "ஏனம்மிணி, அது இன்னும் எந்திரிக்கலையா?"

"எந்திரிச்சிருச்சுங்க. ஆனா ஊடு மாறி எங்கியோ போயிருச்சுங்க."

அன்றைக்கு எல்லாச் சீட்டையும் கையால் எழுதினாள். டேங்கர் லாரி ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தது. டிரைவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

3

காளிச்சாமி ஜனநாயகவாதி. தானாக ஒரு முடிவெடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார் என்பதை ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு நோட்டு வாங்கி, அட்டையில் 'அபிப்ராயப் புஸ்தகம்' என்று எழுதிக் கேன் வைக்கிற மேடைமேல் போட்டார். ஞாயிற்றுக்கிழமை பொதுயோகம் என்றும் அறிவித்தார். அதுவரைக்கும் கையால்தான் சீட்டு, தினம் லாரி நின்றது.

நான்கு நாளில் அறுபத்திரண்டு அபிப்ராயம் சேர்ந்தது. எழுதியவர்களில் ஒருவர்கூட அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. சில மாதிரிகள்:

'நாங்கள் பரம்பரையாக இடதுபக்கம். பொத்தானும் அங்கேயே இருக்க வேண்டும்.'

'இடதில் இருந்தவன் நடுவுக்கு வருகிறான் என்றால் எலெக்ஷனில் சீட்டு கேட்கப்போகிறான் என்று அர்த்தம்.'

'மூலையில் கிடந்ததை நடுவில் வைத்தது மரியாதை. வரவேற்கிறேன்.'

'தீவனத்தில் மண் இருக்கிறது.' (இது எந்தக் கட்சி என்று காளிச்சாமிக்கே புரியவில்லை.)

ராஜசேகர் மட்டும் எதுவும் எழுதவில்லை. கோயமுத்தூரில் மில் ஆபீஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது மூன்று மாடு வைத்திருப்பவர். பொதுயோகத்தில் எழுந்து, நிதானமாகச் சொன்னார்:

"பொத்தானை மாத்தறது நம்ம கையில இல்லீங்க. ஆளை மாத்தறது நம்ம கையிலதானுங்களே இருக்குது? என்ற மருமக சிவசங்கரி கம்ப்யூட்டர் டிப்ளமோ முடிச்சுட்டு ஊட்டுலதான் இருக்குது."

பின்வரிசையில் நாலைந்து தலை ஆடியது. லாரி நின்ற கோபம் இன்னும் தீரவில்லை.

4

இந்த இடத்தில் எனக்குப் பூவாத்தாள்மேல் சந்தேகம் வந்தது. பதிமூன்று வருடம் வேலை பார்த்தவள், படத்துக்குக் கீழே போட்டிருக்கும் பெயரைப் படித்துத் தேடியிருக்கலாமே? பதில் கிடைக்காததால், முதல் வரைவில் அவளை மேடையேற்றி வீராவேசமாகப் பேசவைத்தேன். 'தொழிலாளியின் கைகளை எந்தக் கம்பெனியும்—'

வாசித்துக் காட்டியபோது நாச்சம்மாள் சிரித்துவிட்டார். "அவ அப்படியெல்லாம் பேசமாட்டாளுங்க."

நாச்சம்மாள் சொன்னபடி நடந்தது இது. அதே பொதுயோகத்தில் அறுபத்திரண்டு அபிப்ராயத்தையும் படித்து முடித்த காளிச்சாமி, நோட்டைப் புரட்டி ஏதோ தேடினார்.

"ஏனம்மிணி, அதைத் தொடறவ நீ ஒருத்திதான். உன்ற அபிப்ராயத்தைக் காணமே?"

"ஆரும் கேக்கலீங்களே."

"இப்பக் கேக்கறேன், சொல்லு."

பூவாத்தாள் எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"எனக்கு இங்கிலீசு படிக்க வராதுங்க. தமிழ் இஸ்கூல்ல பத்தாவது வரைக்கும் போனேன், எழுத்தைக் கூட்டத் தெரியும், அவ்வளவுதானுங்க. வேலைக்குச் சேர்ந்தன்னிக்கு ஒருத்தர் காட்டிக் குடுத்தாரு. மூலையில அழுத்து, மேல போ, மூணாவது வரி. இத்தனை வருசமும் இடத்தை வெச்சுத்தான் பண்ணுனேன். இப்ப இடம் இல்லீங்க."

ராஜசேகர்தான் முதலில் வாய் திறந்தார். "அப்ப இத்தனை வருசமா நம்ம பாலு—"

"இத்தனை வருசத்துல உங்களுக்கு ஒரு சீட்டாவது தப்பா வந்துதுங்களா?" என்றார் காளிச்சாமி.

"அப்படிச் சொல்லலீங்க..."

"நீங்க படிச்சவரு. வந்து அதைத் திறந்து குடுங்க. அப்பறம் மருமகளைப் பத்திப் பேசலாம்."

ராஜசேகர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். தெருவுக்கே கேட்கிற மாதிரி படித்தார். நியூஸ், கேம்ஸ், ஸ்டோர், ரெகமெண்டட் ஃபார் யூ. உச்சரிப்பில் குறையே இல்லை. பால்தான் இல்லை. இருபது நிமிடம் கழித்து, எங்கோ கை பட்டு நீளமான ஒரு பட்டியல் திறந்து ஓட ஆரம்பித்தது.

"நிறுத்துங்க" என்றாள் பின்னால் நின்ற பூவாத்தாள். "கொஞ்சம் மேல போங்க. அதா."

சுண்டுவிரல் நகத்தளவுக்குச் சிறுத்து, பச்சைப் படம்.

ஆளை மாற்றும் பேச்சு அத்தோடு நின்றது. கம்பெனியைக் கண்டித்து ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. கம்பெனிக்கு ஒரு நகல், பஞ்சாயத்துக்கு ஒரு நகல். கம்பெனியின் விலாசம் யாருக்கும் தெரியாததால் இரண்டும் பஞ்சாயத்துக்கே போயின.

5

எனக்கு இது போதவில்லை. இரண்டு முடிவு எழுதினேன். (அ) பூவாத்தாள் இங்கிலீஷ் கற்று, கம்பெனிக்குத் தானே ஒரு கடிதம் எழுதுகிறாள். (ஆ) ஆறே மாதத்தில் பொத்தான் மறுபடி இடம் மாறுகிறது. சிவசங்கரி வேலைக்கு வருகிறாள். கதையையும் இந்த இரண்டு முடிவையும் எடுத்துக்கொண்டு, ஒரு சாயங்காலம் பால் ஊற்றும் நேரத்துக்கு முன்பே போய் அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"ரெண்டும் நடக்கலீங்க" என்றாள்.

"யோகம் முடிந்து மறுநாள் என்ன நடந்தது?"

"பாலு வந்துச்சுங்க."

பிறகு அவளே கேட்டாள்: "எனக்குப் படிக்க வராதுன்னு சொன்னப்ப நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்களே?"

"நாச்சம்மாள்தான்..."

"அழுகலீங்க."

"அப்படியானால் அந்த நேரத்தில் மனசில் என்ன இருந்தது?"

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே முதல் கேன் மேடையில் ஏறும் சத்தம் கேட்டது. திரும்பி உட்கார்ந்து மவுஸைப் பிடித்தாள்.

அழுத வரியை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் நான் வேறு எதையும் வைக்கவில்லை. வைத்தே ஆக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், அவள் காலையிலும் சாயங்காலமும் சொசைட்டியில்தான் இருப்பாள். போய்க் கேளுங்கள். வரிசையில் நின்று கேளுங்கள்.