ஹரீஷ் தொட்டால் ஓடும் லேப்டாப்

சந்தேகப்படுவதற்கென்றே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. முதலில் தீவில் பாயான் லெப்பாசில், இப்போது கடல் பாலம் தாண்டிப் பத்து காவானில். மற்றவர்கள் நல்லது என்று தள்ளிவிட்ட பொருளைக் கையில் எடுத்து, இதில் என்ன கோளாறு ஒளிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் புத்தியைச் செருப்போடு வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள் என்று என் மனைவி சந்திரிகா கலியாணமான நாளிலிருந்து சொல்கிறாள். நான் கேட்டதில்லை. அதனால் வந்த வினை இது.

போன வருடக் கடைசியில் எங்கள் பிரிவுக்கு ஒரு மேற்பார்வையாளர் தேவை என்று அறிவித்தார்கள். ஒரே இடம். அதற்கு ஒரு தேர்வு. வீட்டிலிருந்தே, சொந்தக் கணினியில், கேமராவைத் திறந்து வைத்துக்கொண்டு எழுத வேண்டும். மூன்று முறை முயலலாம். பாதியில் நின்றாலும் ஒரு முறை போனதாகத்தான் கணக்கு. எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இன்னொரு நாற்காலி என்னைத் தேடி வரப்போவதில்லை.

அதே நாற்காலிக்கு மனுப் போட்ட இன்னொருவன் ஹரீஷ், சந்திரிகாவின் தம்பி. அதே தொழிற்சாலை, பக்கத்து லைன். என்னைவிடப் பதினான்கு வயது இளையவன், கணினி என்றால் தண்ணீர் பட்ட பாடு. அதுவரை அவனும் நானும் ஒரு தட்டில் சாப்பிட்டவர்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் நான் பால்குடம் எடுக்கும்போதெல்லாம் பக்கத்திலேயே ஏறி வருவான். போன வருடத் தைப்பூசத்தில் நானூறாவது படியருகே எனக்குத் தலை சுற்றியபோது ஒரு கையால் குடத்தையும் மறு கையால் என்னையும் தாங்கிப் பிடித்தவன் அவன்தான். அத்தானுக்கு பிரஷர் என்று அன்றைக்கே பயந்துபோனான். அவன் மனைவி குமுதா நேரடி விற்பனையில் விற்கும் பிரேஸ்லெட் ஒன்றை தீபாவளிக்கு என் இடது கையில் அவனே மாட்டிவிட்டான். ரத்த ஓட்டத்துக்கு நல்லதாம்.

தேர்வுக்காக எனக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்ததும் அவன்தான். தீபாவளி முடிந்த வாரம் ஜெலுத்தோங்கில் உள்ள எங்கள் பிளாட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் வைத்துத் திறந்து காட்டினான்.

"அத்தான், இது மடக்குற டைப்பு. ஸ்கிரீன அப்படியே பின்னால திருப்பினீங்கன்னா டேப்லெட் மாதிரி ஆயிரும்லா."

"எனக்கு எதுக்குடா அந்த வித்தையெல்லாம்?" என்றேன். ஒரு நாளும் மடக்கியதில்லை. பாஸ்வேர்டையும் அவனே போட்டுக் கொடுத்தான்.

முதல் வாரமே கோளாறு ஆரம்பித்தது. தட்டிக்கொண்டே இருப்பேன், திடீரென்று எழுத்து விழாது. அம்புக்குறி நகராது. சில நேரம் கொஞ்சத்தில் தானாக விட்டுவிடும், சில நேரம் பவர் பொத்தானை அழுத்திப் பிடித்துக் கொல்ல வேண்டியிருக்கும். முதல் தேர்வில் பன்னிரண்டாவது கேள்வியில் நின்றது. திரையின் மூலையில் கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. என் விரல்தான் அங்கே செல்லாக்காசு. ஆத்திரத்தில் பவரை அணைத்தேன். ஒரு முறை போயிற்று.

ஹரீஷைக் கூப்பிட்டேன். வந்தான், உட்கார்ந்தான், தட்டினான். வெண்ணெய் மாதிரி ஓடியது. அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒன்னுமில்லையே அத்தான்" என்று சிரித்தான். அக்கரையில் இருக்கும் வீட்டுக்கு அவன் ஓட்டிப்போன காடி பாலம் தாண்டியிருக்காது, நான் உட்கார்ந்தேன், நின்றுவிட்டது.

இது ஒரு தடவை இல்லை, நான்கு தடவை நடந்தது. நான் தொட்டால் நிற்கிறது, அவன் தொட்டால் ஓடுகிறது. பூட்டியவனுக்குத்தானே திறக்கத் தெரியும்? அன்றைக்குத்தான் என் மனத்தில் சந்தேகப் புழு புகுந்தது. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். மச்சினனைப் பற்றிச் சொல்லவா வேண்டும்?

அவனுக்குத் தெரியாமல் லேப்டாப்பைக் கொம்தார் கட்டடத்தில் கணினிக் கடை வைத்திருக்கும் அஸ்ஹரிடம் கொண்டுபோனேன். மூன்று நாள் வைத்திருந்தான். ஒரு கோளாறும் அகப்படவில்லை. ஆனாலும் மெமரியை மாற்றி, விண்டோஸையும் புதிதாகப் போட்டு, அதே பழைய பாஸ்வேர்டோடு கொடுத்தான். எனக்குக் கோபம் வந்தது.

"தம்பி, ரெண்டையும் ஒன்னா மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னு எப்படி தெரியும்? ஒரு நேரத்துல ஒன்னதான் மாத்தணும். எங்க ஃபேக்டரில மொத நாளே சொல்லிக் கொடுக்கிற பாடம் இது."

"சரிண்ணே, சரிண்ணே" என்றான் அஸ்ஹர். கடையை விட்டு இறங்கும்போது, பழைய மெமரியை என்னிடம் திருப்பித் தரவில்லையே என்று அவன் மேலும் ஒரு சந்தேகம் வந்தது. திரும்பிப் போய்க் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது தேர்வில் முப்பத்தோராவது கேள்வி. நின்றது. இரண்டாவது முறையும் போயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹரீஷ் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தான், கையில் டுரியான் பொட்டலத்தோடு. அவனை உட்காரக்கூட விடவில்லை நான்.

"நெஜத்த சொல்லு ஹரீஷ். இதுக்குள்ள என்ன போட்டு வச்சிருக்க?"

"என்ன அத்தான்?"

"அங்க ஒன் வீட்டுல இருந்துகிட்டே இத நிறுத்த முடியும்ல? யூடியூப்ல பாத்தேன். பாஸ்வேர்டு ஒனக்குத் தெரியும். அந்த வேலை ஒனக்கும் வேணும்."

"என்னங்க பேசுறீங்க!" சந்திரிகா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள்.

ஹரீஷ் என்னையே பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. "பாஸ்வேர்ட மாத்திக்குங்க அத்தான்" என்றான். அவ்வளவுதான். டுரியானை மேசையில் வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினான்.

"தைப்பூசத்துக்கும் வர வேணாம். தனியா ஏறிக்குவேன்" என்று அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன்.

அவன் கத்தியிருந்தால் ஒருவேளை நம்பியிருப்பேன். குற்றமில்லாதவன் குதிப்பான் அல்லவா? சத்தம் போடாமல் போனதையே சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அந்த டுரியானை நான் தொடவில்லை.

ஜனவரியில் தைப்பூச விரதத்துக்குக் காப்புக் கட்டினேன், இருபத்தொரு நாள். மஞ்சள் கயிறு கையில் ஏறிவிட்டால் வேறு எதுவும் கையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் குடும்பத்துப் பழக்கம். கடிகாரம், மோதிரம், பிரேஸ்லெட் எல்லாவற்றையும் கழற்றிச் சாமி அறையில் ஒரு டப்பாவில் போட்டு வைத்தேன்.

அன்றிலிருந்து லேப்டாப் நிற்கவே இல்லை. ஒரு நாள், ஒரு வாரம், பத்து நாள். எனக்கு ஒரே குஷி. "பாத்தியா? ஒன் தம்பி காலடி படல, மெஷின் எப்படி ஓடுது பாரு" என்று சந்திரிகாவிடம் காட்டினேன். அவள் மலைக்குக் கொண்டுபோகும் பால்குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரதத்தின் பதினான்காம் நாள் மூன்றாவது தேர்வு எழுதினேன். அறுபது கேள்வி; ஒரு சிக்கல்கூட இல்லை. பாஸ். தைப்பூசத்தன்று தனியாகவே மலை ஏறினேன். நானூறாவது படியில் கால் தானாக நின்றது. பக்கத்தில் தாங்குவதற்கு யாரும் இல்லை. முருகன் துரோகியைக் காட்டிக் கொடுத்தான் என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு ஏறினேன். வேலை எனக்கே கிடைத்தது. ஹரீஷ் தோற்றிருப்பான் என்று நினைத்து, கொஞ்சம் சந்தோஷமும் பட்டேன். அதையும் மறைக்கக் கூடாது.

காப்பை அவிழ்த்த மறுநாள் டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டேன், பிரேஸ்லெட் உட்பட. கொடுத்தவன் மேல்தான் கோபம், பிரஷர் என்னுடையதல்லவா?

புதிய வேலையில் தினமும் வீட்டில் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். முதல் அறிக்கை, இரண்டாவது பக்கம். நின்றுவிட்டது.

ஹரீஷ் எங்கள் வாசலை மிதித்து ஏழு வாரம் ஆகியிருந்தது. பாஸ்வேர்டையும் மாற்றியிருந்தேன். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலை கைவிட்டுப் போன ஆத்திரத்தில் மறுபடி ஆரம்பித்துவிட்டான் என்றுதான் தோன்றியது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்.

நேரே கொம்தாருக்குப் போனேன். "தம்பி, இதுக்குள்ள ஒருத்தன் ஏதோ ஒளிச்சு வச்சிருக்கான். கண்டுபிடிச்சு எழுத்துல கொடு. ஆஃபீஸ்ல காட்டணும்" என்றேன். ஹரீஷின் இருக்கிற வேலையையும் பறிக்கிற எண்ணம்தான்.

அஸ்ஹர் லேப்டாப்பைத் திறக்கவில்லை. என் பக்கம் திருப்பி வைத்தான்.

"அண்ணே, எப்பவும் நான்தான் தட்டிப் பாக்குறேன், நல்லாதான் ஓடுது. இன்னிக்கு நீங்க உக்காந்து தட்டுங்க, நான் பாக்குறேன்."

தட்டினேன். நாலு வரி போயிருக்கும். நின்றது. "பாத்தியா?" என்றேன் வெற்றியோடு.

அவன் திரையைப் பார்க்கவே இல்லை. என் இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சின்ன ஸ்க்ரூக்கள் கிடந்த ஒரு மூடியை எடுத்து என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தான். ஸ்க்ரூக்கள் டக் டக்கென்று தாவி என் பிரேஸ்லெட்டில் ஒட்டிக்கொண்டன.

"மேக்னட்டுண்ணே" என்றான். "இது மடக்குற டைப்பு. மடிச்சா கீபோர்டு, டச்பேடு ரெண்டும் தானா ஆஃப் ஆயிரும், இல்லன்னா விரல் பட்டு கண்டபடி அடிக்கும்லா. மடிச்சிட்டாங்கன்னு மெஷினுக்கு எப்படித் தெரியும்? மூடியில ஒரு குட்டி மேக்னட் இருக்கு, அத வச்சுத்தான். நீங்க இந்தக் கைய இங்க ஊனுனா, மடிச்சிட்டீங்கன்னு நெனச்சு கீபோர்ட நிறுத்திருது. கைய எடுத்தா மறுபடி ஓடும். கெட்டதுன்னு ஒன்னும் இல்லண்ணே இதுல."

நான் நம்பவில்லை, அது என் குணம். பிரேஸ்லெட்டைக் கழற்றித் தட்டினேன், ஓடியது. பக்கத்தில் வைத்தேன், நின்றது. எடுத்தேன், ஓடியது. பத்து தடவை செய்தேன். பத்துக்குப் பத்து.

இருபத்திரண்டு வருடம் ஊருக்குப் பாடம் சொன்னவன் நான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்று இதே கடையில் நின்று இந்தப் பையனை அதட்டியவன். ஆனால் காப்புக் கட்டியபோது நான் இரண்டைக் கழற்றியிருந்தேன், கையிலிருந்து பிரேஸ்லெட்டையும் வீட்டிலிருந்து ஹரீஷையும். சரியானதும் பழியை முழுக்க அவன் தலையில் போட்டுவிட்டேன். அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்திருக்கவே வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சந்திரிகாவிடம் செய்து காட்டினேன். அவள் ஆச்சரியப்படவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அவன் டெஸ்டே எழுதலங்க."

"என்ன?"

"நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல, மறுநாளே ஆஃபீஸ்ல போய் பேர எடுத்துட்டான். ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினான். இப்ப காடிய எடுங்க. நீங்களே போய் சொல்லுங்க."

சந்திரிகாவையும் ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன். பிரேஸ்லெட் என் சட்டைப் பையில் கிடந்தது. புக்கிட் மெர்தாஜாமில் அவன் வீட்டுக் கேட்டருகே நின்று கூப்பிட்டேன். கைலியோடு வந்தான். என் முகத்தைப் பார்த்தான், பிறகு கையைப் பார்த்தான்.

"என்ன அத்தான், பிரேஸ்லெட்ட காணோம்? பிரஷர் எப்படி இருக்கு?"

அதைக் கேட்டதும் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். அவன் பயந்துபோனான். "குமுதா, அந்த பிரஷர் மெஷின கொண்டா!" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். என்னைச் சோபாவில் உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றினான்.

"ஹரீஷ், நான்..."

"பேசாதீங்க அத்தான், மெஷின் தப்பா காட்டும்."

பட்டை இறுகி, தளர்ந்து, மெஷின் ஒரு சத்தம் போட்டு நிற்கும் வரை வாயை மூடிக்கொண்டிருந்தேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். பிரேஸ்லெட்டையும் ஸ்க்ரூக்களையும் சொன்னேன். அவன் வேலையைப் பறிக்க நினைத்ததையும் சொன்னேன். அவன் பட்டையைச் சுருட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஏண்டா பேர எடுத்த? நீ எழுதியிருந்தா நீதான்டா மேல வந்திருப்ப" என்றேன்.

"எழுதி நான் பாஸாகியிருந்தா, நான் ஒன்னும் பண்ணலன்னு ஒங்ககிட்ட எப்படி அத்தான் காட்டுவேன்? சாகுற வரைக்கும் நம்பியிருக்க மாட்டீங்க."

சந்திரிகா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அவன் சொன்னது சரிதான்.