தோல் நூலில் கோத்த கருகமணி

கல்யாண வாரத்தில் நகை செய்யும் பத்தர் வீட்டில் சாவு விழுந்தது.

செத்தது பத்தர் வேலாயுதத்தின் பெரியப்பா. வயதான மனிதர், போய்ச் சேர்ந்தார், சரி. ஒரு வாரம் பொறுத்துப் போயிருக்கக்கூடாதா? தீட்டு கழியும்வரை பத்தர் உலை மூட்டமாட்டார். ஆம்பூர் பஜாரில் இருந்த மற்ற பத்தர்கள் எல்லாரும் அவருக்குப் பங்காளிகள், அதனால் அத்தனை பேருக்கும் தீட்டு. செய்து முடித்த தங்க மணிகளையும் கோக்காத கருகமணிகளையும் ஒரு துணியில் முடிந்து, எங்கள் பக்கத்து வீட்டுக் குர்ஷித்துக்கு ஆள் மூலம் அனுப்பிவிட்டார்.

நான் சௌந்தரம், குடியாத்தத்திலிருந்து ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். எங்கள் வீட்டில் கைலித் தறி ஓடும். சுவருக்கு அந்தப் பக்கம் குர்ஷித்தும் அவள் தம்பி முனீர் அகமதுவும். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள். முனீருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. அவனுக்குத்தான் கல்யாணம். பெண் அடுத்த தெரு ரஃபத் ஜஹான்.

எங்களுக்குத் தாலி எப்படியோ அப்படித்தான் அவர்களுக்குக் கருகமணி. மாப்பிள்ளை வீட்டிலிருந்துதான் வரவேண்டும், மாப்பிள்ளையின் அக்காதான் கட்டவேண்டும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்து வைகாசிக் கடைசி. முஹர்ரம் பிறை பிறக்கப் போகிற நேரம். பிறந்துவிட்டால் கல்யாணப் பேச்சை எடுக்கமாட்டார்கள். தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று தெருவுக்கே தெரியும். பெண்ணின் தகப்பனாருக்கு ஆரம்பத்திலிருந்தே வாணியம்பாடி மண்டிக்காரர் மகன் மேல்தான் கண்.

"வேலூர் லாங் பஜாருக்கு ரயிலேறிப் போயி கோத்துட்டு வரட்டுமா ஆபா?" என்று அக்காவைக் கேட்டான் முனீர்.

"எல்லா ஊர்லயும் கல்யாணம், அங்க எவன்டா உடனே கோத்துத் தருவான்? மணி இருக்கு, கை இருக்கு. நானே கோக்கறேன்," என்றாள் குர்ஷித்.

அதுவரை அவள் கோத்தது மல்லிகைப்பூ மட்டும்தான்.

முதலில் தையல் நூலில் கோத்தாள். பாதி முடிந்ததும் தூக்கிப் பார்த்தாள், பட்டென்று அறுந்தது. கருகமணி கூடம் முழுக்க ஓடியது. அவளும் நானும் தவழ்ந்து தவழ்ந்து பொறுக்கினோம். எங்கள் வீட்டுக் கோழி வேறு வந்து உதவி செய்தது. அது எத்தனை மணியை விழுங்கியதோ, அந்தச் சனியனைத்தான் கேட்கவேண்டும்.

"மணி வாயி கூரா இருக்கு, நூலை அறுக்குது," என்றாள் குர்ஷித். பிறகு அவள் முகம் மலர்ந்தது. "தோலு!"

ஆம்பூரில் எதற்குத்தான் தோல் இல்லை? கட்டில் கட்டுவது தோல், செருப்பு தைப்பது தோல். முனீர் வைத்திருந்த, ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோலில் மயிரிழையாக ஒரு வார் கீறினாள். தங்கமும் கருப்புமாக மாற்றி மாற்றிக் கோத்தாள். முனைக்கு இரும்புக் கம்பியை வளைத்துக் கொக்கி வைத்தாள். இழுத்துப் பார்த்தோம், அசையவில்லை. உண்மையைச் சொல்கிறேன், பத்தர் கைவேலை தோற்றுவிடும். எனக்கே பெருமையாக இருந்தது.

கல்யாணத்துக்கு முந்தைய நாள், மருதாணித் தட்டோடு அதையும் எடுத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனோம். உள்ளறையில் பெண்கள் கூட்டம், வேகாத வெயில், ஜன்னலுக்கெல்லாம் திரை. பெண்ணின் தாய் அன்வரி பேகம் கருகமணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், "பரவால்லியே," என்றாள், அளவு பார்க்க மகளின் கழுத்தில் மாட்டினாள். கால் நாழிகை எல்லாரும் மெச்சிக்கொண்டிருந்தோம்.

கழற்றியதும் ஒருத்தி வீல் என்று கத்தினாள். ரஃபத்தின் கழுத்தில், பின்பக்கம் கொக்கி இருந்த இடத்திலிருந்து இரண்டு தோள்வரைக்கும் கன்னங்கரேலென்று கோடு. மஞ்சள் தாவணியிலும் மை கொட்டினாற்போல் கறை. பட்டை ஏறிய தோலில் வியர்வையும் இரும்பும் சேர்ந்தால் அப்படித்தான். அதற்காகவே ஷாப்பில் இரும்பு வாளியைத் தொட்டிப்பக்கம் விடமாட்டார்கள். முனீரைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். நாங்கள் எங்கே கேட்டோம்!

"இன்னா இது? எம் பொண்ணு கழுத்துல ஷாப்பு தண்ணியா?" என்றாள் அன்வரி பேகம். "வேணாம்மா. முஹர்ரம் போவட்டும், அப்பறம் பாத்துக்கலாம்."

அப்பறம் என்றால் வாணியம்பாடி என்று அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும்.

குர்ஷித் அழவில்லை. அன்வரி பேகத்தின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "தப்பு என்னுதுதான் காலா. மணி நல்ல மணி, கயிறுதான் கெட்டது. இங்கயே, உங்க எதிர்லயே கோத்துத் தர்றேன்," என்று சொல்லிவிட்டு, கத்தரிக்கோலை வாங்கித் தோலை வெட்டினாள். மணிகளைத் தாம்பாளத்தில் உதிர்த்தாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அக்கா, உங்க தறி நூலு?"

தறியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றியது. நான் ஓடினேன். கஞ்சி போட்டு விறைத்த பாவு நூலும் ஒரு துண்டு மெழுகும் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பினேன்.

பல இழையைச் சேர்த்து முறுக்கவேண்டும். முறுக்க ஒரு முனையை யாராவது பிடிக்கவேண்டும். ஒருத்தியும் கையை நீட்டவில்லை, எல்லாரும் அன்வரி பேகத்தின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கறை படிந்த கழுத்தோடு ரஃபத் ஜஹான் எழுந்து வந்தாள். கல்யாணப் பெண் வாய் திறக்கக்கூடாத நாள் அது.

"நான் புடிக்கறேன் ஆபா," என்றாள். தாயைத் திரும்பிப் பார்த்தாள். "அம்மி, நாளைக்கே நடக்கட்டும். எனக்கு இவங்க வீடுதான் வேணும்."

அன்வரி பேகம் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். நூலை முறுக்கி மெழுகு தடவி, ஒவ்வொரு தங்க மணிக்கும் பக்கத்தில் ஒரு முடிச்சாகப் போட்டுக் கோத்தாள் குர்ஷித். ஓர் இடம் அறுந்தாலும் மற்றது உதிராது. கொக்கியே கிடையாது, முனையில் நூல் வளையம்தான். முடிந்ததும் அன்வரி பேகம் அதைப் பிடுங்கி, கோபம் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள். ஒரு மணி நகரவில்லை. ஈரத்துணியால் துடைத்தாள். துணி வெள்ளையாகவே இருந்தது.

அவள் அறைக்கதவைத் தாழிட்டாள். புடவைத் தலைப்புக்குள் கையைவிட்டுத் தன் கழுத்திலிருந்த கருகமணியைக் கழற்றினாள். புருஷன் உயிரோடு இருக்கும்போது அதைக் கழற்றுவது இலேசான காரியமா? பழைய நூல் நைந்து, இரண்டு இடத்தில் தையல் நூலால் ஒட்டுப் போட்டிருந்தது. எத்தனை நாள் பயத்தோடு போட்டுக்கொண்டிருந்தாளோ!

அதைக் குர்ஷித்தின் மடியில் வைத்தாள்.

"இதையும் இந்த மாதிரியே கோத்துக் குடும்மா. ஜல்தியா. சம்பந்தி வூட்டுக்காரின்னு பாக்கமாட்டேன், தப்பிருந்தா மறுபடியும் திட்டுவேன்."