கஸ்பார் வீட்டு அஸ்கா முடிச்சு

"இன்னா மே இது? இன்னான்னு கேக்குறேன்ல? தூளிலேர்ந்து எடுத்துகினு வந்துகீறேன், பாரு!"

"கண்ணு அவிஞ்சா பூட்ச்சு? அஸ்கா முடிச்சு. இன்னிக்குதான் கப்பல்ல வந்து எறங்குன மாதிரி கேக்குற!"

"எறும்பு ஊறிகினு கீது மே!"

"ஊறட்டும். எறும்புதான் அஸ்காவத் துன்னுது. உன் புள்ளையையா துன்னுச்சு? உனுக்கு இன்னா பேஜாரு?"

சனிக்கிழமை மத்தியானம். ராயபுரத்தில் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கிடந்த அந்தச் சந்தில் சண்டை பார்க்க அதைவிடத் தோதான நேரம் கிடையாது. மூட்டை தூக்கப் போன ஆண்கள் திரும்பவில்லை. சோறு வடித்தாயிற்று, குழாயில் தண்ணீரும் நின்றுவிட்டது. பன்னிரண்டு வாசலிலும் ஆள் இருந்தது. எதிர்வீட்டுப் பூவம்மா முறத்தை வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குவதாகப் பேர். அதே அரிசியில் காலையிலேயே கல் பொறுக்கி முடித்திருந்தாள்.

முடிச்சைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஃப்ளோரன்ஸ், கஸ்பாரின் மனைவி. மிளகாய் மண்டியில் காம்பு கிள்ளுகிற வேலை. சனிக்கிழமை மட்டும் அரை நாள். மற்ற நாளெல்லாம் அவள் பதினோரு மாதக் குழந்தை அம்புரோஸ் இப்போது எதிரே நிற்கிற பக்கத்து வீட்டுப் பச்சையம்மாவிடம்தான். பச்சையம்மாவுக்குச் சொந்தமாகவும் இரண்டு இருந்தன. மூன்றும் ஒரே நேரத்தில் அழுதால் என்ன செய்வது? பழைய வேட்டித் துணியில் ஒரு சிட்டிகை அஸ்காவை, அதாவது வெள்ளைச் சர்க்கரையை வைத்து, நூலால் இறுகக் கட்டி, தண்ணீரில் நனைத்து வாயில் திணித்துவிடுவாள். மூன்றும் சப்பிக்கொண்டு கிடக்கும். அவளும் நிம்மதியாக நாலு வீட்டு விஷயம் விசாரிக்கலாம்.

"தேவப்பிரியத்தோட வாயப் பாத்துகினுதானே கீற?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

தேவப்பிரியம் அவளுடைய மூத்தவள். ஆறு வயது. தன் பேர் அடிபட்டதும் வாசலில் வந்து நின்று எல்லாருக்கும் பொதுவாகச் சிரித்தாள். முன்வரிசையில் ஒரு பல்கூட முழுதாக இல்லை. அடுப்பில் அணைந்த கரித்துண்டுகள் மாதிரி நாலைந்து கட்டைகள். தெருப் பிள்ளைகள் அவளை 'கரிவாய்' என்று கூப்பிட்டார்கள். அவளும் 'ஓய்' என்று திரும்பிப் பார்த்தாள். அதைத்தான் ஃப்ளோரன்ஸால் பொறுக்க முடியவில்லை.

"அவளும் உன் முடிச்சு சப்புனவதான். பின்சந்துல தாஹிரா வூட்டுப் புள்ளைங்களப் பாரு. வண்டி இஸ்குறான் அவுங்க அப்பன், அந்த வூட்ல அஸ்கான்னு ஒண்ணு கண்ணுல பட்டதில்ல. பல்லு எப்டி கீது? தேங்காச் சில்லு மாதிரி! அம்புரோஸுக்கு நாலே நாலு பல்லு வந்துகீது, மே. அந்த நாலும் எனுக்கு ஓணும்."

"பல்லு கெட்றது பூச்சியால. அஸ்காவாலன்னு யாரு சொன்னது? நர்ஸம்மா சொன்னாங்களா? அவுங்க வாயால சொல்லட்டும், அந்த நிமிசமே வுட்டுர்றேன்."

சந்துப் பிள்ளைகளைப் பார்க்க வருகிற நர்ஸம்மா சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொன்னதில்லை. அவள் சொல்லாததற்குக் காரணமும் ஃப்ளோரன்ஸுக்குத் தெரியும்.

"இன்னா, வாய் அடைச்சுப் பூட்ச்சா?" பச்சையம்மா இடுப்பில் கை வைத்தாள். "யாரு வூட்டு அஸ்கா இது? நானா கெடங்குலேர்ந்து மடியில..."

பூவம்மா இருமினாள். சாதாரண இருமல் இல்லை. சந்து முழுவதற்கும் பழக்கமான இருமல். சந்து முனையில் வெள்ளைப் புடவையும் கறுப்புக் குடையும் தோல் பையுமாக ஆலிஸ் நர்ஸம்மா வந்துகொண்டிருந்தாள்.

சண்டை அப்படியே மடித்து வைக்கப்பட்டது. ஃப்ளோரன்ஸ் முடிச்சை இடுப்புக் கொசுவத்துக்குள் செருகிக்கொண்டாள்.

அந்தச் சந்துக்கு ஒரு ரகசியம் உண்டு. ஜாவாவிலிருந்து சர்க்கரைக் கப்பல் வந்தால், ஒரு கம்பெனிக் கிடங்கில் மூட்டை அடுக்குகிற வேலை கஸ்பாருக்கும் பச்சையம்மாவின் புருஷன் மண்ணாங்கட்டிக்கும். ஏதாவது ஒரு மூட்டை கிழியும். கிழியாவிட்டால் கிழிய நேரும். தரையில் கொட்டியதைக் கூட்டி வேட்டி மடியில் முடிந்துகொண்டு, வயிறு கொஞ்சம் பெருத்தவர்களாக வீடு திரும்புவார்கள். கஸ்பார் வீட்டில் பங்கு கொஞ்சம் அதிகம். பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக ஃப்ளோரன்ஸ் பச்சையம்மாவுக்குக் கொடுத்ததும் இந்த அஸ்காதான். ஆக, தன் கையால் அளந்து கொடுத்த சர்க்கரைக்காகத்தான் அவள் தொண்டை கிழியக் கத்தியது. அந்தச் சங்கதியைப் பன்னிரண்டு வாசலும் நினைத்துக்கொண்டுதான் இருந்தன. வாய்விட்டுச் சொல்லாதது மரியாதைக்காக.

நர்ஸம்மாவிடம் மறைத்ததற்குக் காரணம் தாமஸ். அவளுக்கு நிச்சயித்திருந்த மாப்பிள்ளை. அதே கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவன். அவள் காதில் விழுவது அவன் காதில் விழாதா? அதனால் நர்ஸம்மா வரும் நாளில் சர்க்கரை டப்பாக்கள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் போய்விடும். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும்தான் இனிப்பைப் பார்க்கும் என்று அவள் நம்பிக்கொண்டிருந்தாள். பல் ஏன் இப்படிக் கெடுகிறது என்று அவளுக்கு ஆறு மாதமாகப் புரியவில்லை. போன தடவை தண்ணீரைச் சந்தேகப்பட்டுக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னாள். சந்தே விறகை வீணாக்கித் தண்ணீர் காய்ச்சியது.

இன்றைக்கு ஆலிஸ் நேராக ஃப்ளோரன்ஸ் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தாள். முட்டியோடு முட்டி ஒட்ட ஃப்ளோரன்ஸை எதிரே உட்காரவைத்து, அம்புரோஸின் தலையைத் தன் மடியில் சாய்த்து, மேலுதட்டை விரலால் தூக்கினாள். பூவம்மா, பச்சையம்மா, இன்னும் மூன்று பேர் வாசலை அடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள்.

"இங்க பாருங்க. ஈறு ஓரமா சுண்ணாம்புல கோடு போட்ட மாதிரி வெள்ளையாத் தெரியுதா?"

ஃப்ளோரன்ஸ் குனிந்து பார்த்தாள். தெரிந்தது.

"பல்லு கெட ஆரம்பிக்கிறது இப்படித்தான். இன்னும் ஓட்டை விழலை. இப்பவே நிறுத்தினா இதோட நின்னுடும். விட்டா கறுத்து உதிரும்."

"பால் பல்லுதானம்மா," என்றாள் பூவம்மா. "விழுந்துதானே மொளைக்கப்போவுது?"

"அதுவரைக்கும் எதால மெல்லுவான்? வலிச்சா யாரு தூங்காம இருக்கிறது?"

தேவப்பிரியத்துக்குக் கன்னம் வீங்கிய அந்த மூன்று நாட்கள் ஃப்ளோரன்ஸுக்கு ஞாபகம் வந்தன. கிராம்பு எண்ணெய் வைத்தும் அடங்காமல், கஸ்பார் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு கடலோரமாகவே நடந்தான்.

"இவன் தூங்கும்போது வாயில என்ன குடுக்கிறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா," என்றது வாசல் முழுவதும், ஒரே குரலில், மாதா கோயில் பூசையில் பதில் சொல்வதுபோல.

"உப்புக் காத்தும்மா," என்றாள் பச்சையம்மா. "கடல்லேர்ந்து வருது பாருங்க, அது பல்லுல படுது."

அந்த நேரத்தில்தான் ஃப்ளோரன்ஸின் இடுப்பில் முதல் எறும்பு கடித்தது. அவள் நெளிந்தாள். இரண்டாவது கடித்தது. நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றாவது, நாலாவது. எழுந்து வெளியே போய் முடிச்சை உதறிவிட்டு வந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. மடியிலோ பிள்ளை, நர்ஸம்மா தூக்கிப் பிடித்த உதட்டோடு கிடக்கிறான், நாலு பல்லும் அந்த வெள்ளைக் கோடும் தெரிய. கஸ்பாருக்கு வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். இந்த நாலு பல் போனால்?

இடுப்பிலிருந்து முடிச்சை எடுத்து நர்ஸம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"இத்தத்தாம்மா குடுக்குறோம். பொறந்ததுலேர்ந்து."

ஆலிஸ் எறும்புகளைத் தட்டிவிட்டு நூலைப் பிரித்தாள். பருபருவென்ற வெள்ளைச் சர்க்கரை. அதன் நடுவே மூட்டைச் சாக்கின் சணல் நார் இரண்டு மூன்று. ஒரு நாரை நகத்தால் எடுத்து வெளிச்சத்தில் வெகுநேரம் பார்த்தாள். முகம் மெதுவாகச் சிவந்தது.

"எங்க வீட்டு டப்பாவிலயும் இதே நார்தான் கிடக்குது," என்றாள். "பெரிய கடையில வாங்கினதாச் சொல்லித் தாமஸ்தான் கொண்டு வந்து குடுத்தார்."

பூவம்மாவின் முறம் கீழே விழுந்தது. அதன்பிறகு ஒரு நிமிஷம் அந்த வீட்டில் யார் சிரித்தார்கள், யார் சிரிக்கவில்லை என்று பிரித்துச் சொல்ல முடியாது.

சிரிப்பு அடங்கியதும் ஆலிஸ் குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள். மடியில் என்ன வருகிறது என்பது அவள் வேலை இல்லை, வாய்க்குள் என்ன போகிறது என்பதுதான் வேலை. முடிச்சு இன்றோடு சரி. சப்பியே தீருவான் என்றால் காய்ச்சி ஆறிய தண்ணீரில் நனைத்த வெறும் துணி. சாயங்காலம் கடைசிப் பால் குடித்ததும் சுத்தமான ஈரத்துணியை விரலில் சுற்றி, ஒவ்வொரு பல்லையும் முன்னும் பின்னும் துடைக்க வேண்டும். வாரம் ஒருநாள் உதட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பெரியவளுக்கு மென்று மிருதுவாக்கிய வேப்பங்குச்சி.

"சொல்ட்டாங்கல்ல?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"சொல்ட்டாங்க, சொல்ட்டாங்க," என்றாள் பச்சையம்மா. "மூணு நாளு உன் புள்ள கத்துறத நீ வந்து கேளு, அப்பால பேசு."

மூன்று நாள் தேவைப்படவில்லை. அன்று சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் ஃப்ளோரன்ஸ் கையைச் சீயக்காய் போட்டு மூன்று தரம் கழுவினாள், துணியைச் சுற்றினாள், அம்புரோஸின் வாய்க்குள் விரலை விட்டாள். அடுத்த நொடி எழுந்த அலறலில் ரயில்வே ஸ்டேஷன் இன்ஜின் தோற்றுப்போயிருக்கும். காலையெல்லாம் மிளகாய்க் காம்பு கிள்ளிய கை. சீயக்காய்க்கா போகும்? ஈரத்துணி வழியாகக் காரம் இறங்கிவிட்டது.

பச்சையம்மா தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டே ஓடி வந்தாள். "நான் இனிப்பு குடுத்தேன், தப்புன்ன! நீ காரம் குடுக்குறியே மே, இது மட்டும் நாயமா?"

ஃப்ளோரன்ஸுக்கு அழுகையே வந்துவிட்டது. மண்டி வேலையை விட முடியாது. அந்தக் கையை வாய்க்குள் விடவும் முடியாது. கஸ்பார் வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"நீதான்யா தொடைக்கணும்."

"நானா? ஆம்பள நான் புள்ளைக்குப் பல்லு தொடைக்கிறதா? சந்துல தல காட்ட முடியுமா?"

"அஸ்கா கட்டிகினு வர்றப்ப காட்டுனல்ல? அதே தலதான்."

கஸ்பார் பீடியை அணைத்தான். மூட்டைக் கொக்கி பிடித்துக் காய்ப்பேறிய விரலில் துணி இரண்டு சுற்றுக்கூட வரவில்லை. உதட்டைத் தூக்கினான். வெள்ளைக் கோட்டை ஃப்ளோரன்ஸ் காட்டினாள். வெகுநேரம் பார்த்துவிட்டு விரலை உள்ளே விட்டான். அம்புரோஸ் அவன் விரலைக் கடித்தான்.

"பல்லு கெட்டியாத்தான் கீது," என்றான் கஸ்பார்.

மறுநாளே மண்ணாங்கட்டி கிண்டல் பண்ணினான். "இன்னா மாமு, மூட்ட தூக்குறது பத்தலன்னு பல்லு தொடைக்கிற உத்தியோகமா?"

"வூட்டுக்குப் போயி உன் புள்ள ஒதட்டத் தூக்கிப் பாரு நைனா. அப்பால வந்து சிரி."

போனவன் சிரிக்க வரவில்லை. மறுநாள் மணி அடித்தபோது அவன் வீட்டிலிருந்தும் சுத்தமான துணி எங்கே என்று சத்தம் கேட்டது. மாசக் கடைசிக்குள் கோயில் மணி அடித்தால் நாலைந்து வாசலில் ஆண்கள் விரலில் துணி சுற்றிக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பாராமல் உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த ஜாவாக் கப்பல் வந்தபோது கஸ்பார் தட்டையான வயிற்றோடு திரும்பினான். வாட்ச்மேன் ரொம்ப உஷாராகிவிட்டான் என்றான். அந்த வாட்ச்மேன் உட்கார்ந்த இடத்திலேயே தூங்குகிறவன் என்பது சந்தில் குழந்தைக்கும் தெரியும். ஃப்ளோரன்ஸ் மட்டும், "அப்டியா, பாவம்," என்று சொல்லிச் சோறு போட்டாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆலிஸ் வந்து அம்புரோஸின் உதட்டைத் தூக்கினாள். பல் பத்தாகியிருந்தது. அந்த வெள்ளைக் கோடு இருந்த இடத்திலேயே நின்றது. ஒரு நூல்கூட வளரவில்லை. ஃப்ளோரன்ஸ் அதைத் தானே இரண்டு தரம் பார்த்துக்கொண்டாள்.

ஆலிஸுக்கும் தாமஸுக்கும் அடுத்த பிப்ரவரியில், ஈஸ்டருக்கு முந்தின தவசுக் காலம் தொடங்குவதற்குள் கல்யாணம் நடந்தது. சந்தே போய் வந்தது. தாமஸ் வாசலில் நின்று சர்க்கரை எடுத்துக்கொள்ளச் சொன்னபோது, பெண்கள் ஒவ்வொருவரும் தட்டில் நார் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எடுத்தார்கள். பாவம், அவனுக்குக் கடைசிவரை காரணம் தெரியாது. பிறகு வேலை மாற்றலாகி அவர்கள் தூத்துக்குடி போனார்கள். திருவொற்றியூரில் தீப்பெட்டித் தொழிற்சாலை வந்ததும் மண்ணாங்கட்டி குடும்பமும் அங்கே போய்விட்டது. அங்கே பச்சையம்மா யார் வீட்டுப் பிள்ளையைக் கண்டாலும் உதட்டைத் தூக்கிப் பார்த்து, 'நர்ஸம்மா சொல்லிகீறாங்க' என்று அதட்டுவதாகக் கேள்வி. தேவப்பிரியத்துக்குக் கட்டைகள் விழுந்து புதுப்பல் முளைத்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் அரக்கோணத்து ரயில்வேக்காரன் ஒருவன் அவளைப் பெண் பார்க்க வந்தான். அவள் சிரித்தாள், அவன் மயங்கிவிட்டான். அவன் சிரித்தான், கடைவாயில் மூன்று கறுப்பு. ஃப்ளோரன்ஸ் கஸ்பாரைப் பார்த்தாள்.

"புள்ள நல்ல புள்ளதான்," என்றான் கஸ்பார். "அவுங்க வூட்ல தொடைச்சுவுட ஆளில்ல போல."

கல்யாணம் முடிந்து அவள் அரக்கோணம் போனாள். பெட்டியில் பட்டுப்புடவைக்கு மேலே ஃப்ளோரன்ஸ் ஒரு கட்டு வேப்பங்குச்சி வைத்து அனுப்பினாள், மாப்பிள்ளைக்கு.